நீட் படிக்கிறவர் மாலை ஐந்து மணிக்கு என்ன செய்யலாம்?

போன மாதம் திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்து ஏறினேன். பக்கத்தில் ஒரு தங்கை வந்து உட்கார்ந்தாள். மடியில் தாவரவியல் வினாத்தொகுப்பு, ஓரமெல்லாம் பென்சில் கோடு. என் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்டெதாஸ்கோப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் பேச ஆரம்பித்தாள். நீட் ஒருமுறை எழுதியாயிற்று, அடுத்ததற்கு வீட்டிலேயே படிக்கிறாள். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி கண்ணில் பட்டபோது கேட்டாள்: "அக்கா, நாள் பூரா படிச்சிக்கினே இருந்தா பைத்தியம் புடிக்கிற மாதிரி இருக்கு. வேற ஏதாவது செய்யணும். ஆனா அது டாக்டராவுறதுக்கும் பிரயோஜனமா இருக்கணும். இன்னா செய்யலாம்?"

விழுப்புரம் பேருந்து நிலையம் வருவதற்குள் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. "நல்லா தூங்கு" என்றேன். அதுவும் தேவையானதுதான். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. அவளுக்கும் அவளைப் போன்ற மற்றவர்களுக்கும் அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர், படிப்புக்கு வெளியே தான் செய்தவற்றை எழுத விண்ணப்பத்தில் 15 இடம் உண்டு. அவற்றில் 3 வரை "மிகவும் அர்த்தமுள்ளவை" என்று அவரே தேர்ந்தெடுத்து விளக்க வேண்டும். மருத்துவமனைத் தொண்டு, ஆய்வகம், இசை, விளையாட்டு என்று நிரப்புவார்கள். கூலி வேலையையும் எழுதலாம் என்கிறார்கள், நியாயம்தான். ஆனாலும் வசதியான வீட்டுப் பிள்ளை விமானம் ஏறி வந்து நம்மைப் போன்ற ஊரில் இரண்டு வாரம் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனால், அது அந்தக் கட்டத்தில் அழகாக உட்கார்ந்துவிடும்.

நம் ஊரில் அந்தக் கட்டமே கிடையாது. 720க்கு எவ்வளவு என்பது மட்டும்தான். நீ யார், யாரைப் பார்த்துக்கொண்டாய், யாருக்காக அழுதாய் என்று எவரும் கேட்கப்போவதில்லை. இதுதான் 'தகுதி' என்கிறார்கள்.

காலனிப் பிள்ளைக்குப் பள்ளி விட்ட பிறகு எப்போதும் வேலை இருக்கிறது. தண்ணீர் பிடிக்க வேண்டும், மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும், தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு அம்மா வரும்வரை அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செங்கல் சூளைக் குடும்பமென்றால் விடியற்காலையில் கல் திருப்பிவிட்டுத்தான் பள்ளி. பத்து வயதில் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரையைக் காலை, மாலை எனப் பிரித்துக் கொடுத்தவள் நான். அதை யாரும் 'அனுபவம்' என்று சொன்னதில்லை, எனக்கே தோன்றியதுமில்லை. ஒரே காரியம், எவர் செய்கிறார் என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் தலைமைப் பண்பாகவும் இன்னோரிடத்தில் தலையெழுத்தாகவும் ஆகிவிடுகிறது.

நீட் நம்மிடமிருந்து பறித்தது என்ன என்று கேட்டால் எல்லோரும் சீட்டைச் சொல்வார்கள். நான் மாலை நேரத்தையும் சேர்த்துச் சொல்வேன். நுழைவுத் தேர்வை ஒழித்த பிறகு, 2007 முதல் 2016 வரை, தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவச் சேர்க்கை நடந்தது. அரசுப் பள்ளியில் படித்து, அதே ஆண்டு கல்லூரிக்குப் போனார்கள். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். 2016-17இல் சேர்ந்தவர்களில் ஒருமுறைக்கு மேல் தேர்வெழுதி வந்தவர்கள் நூற்றுக்கு 12 அளவில்தான் இருந்தார்கள். 2020-21இல் அது 71ஐத் தாண்டிவிட்டது. ஓராண்டோ இரண்டாண்டோ வீட்டில் அடைந்து கிடக்கக் கட்டுப்படியாகிறவருக்கே மருத்துவம் என்றாகிவிட்டது.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புள்ளிவிவரமாகச் சொல்லத் தேவையில்லை. செஞ்சி பக்கத்துப் பெருவளூர் பிரதீபா 1200க்கு 1125 எடுத்தவர். 2018 ஜூன் மாதம் நீட் முடிவு வந்தபோது அவரை இழந்தோம். அந்த ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. எனவே தேர்வு இருக்கிறது, அதை எழுதியாக வேண்டும், எதிர்த்தும் ஆக வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டியிருப்பதுதான் நம் தலைமுறைக்கு வாய்த்தது.

இனி என் கதை. 2021 செப்டம்பரில் முதல் நீட். மதிப்பெண்ணைச் சொல்ல வெட்கமில்லை, ஆனால் சொல்லிப் பயனுமில்லை. திண்டிவனத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் காலனி. அப்பாவுக்குக் கட்டட வேலை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை. பயிற்சி மையத்துக்குப் பணமில்லாததால் சீனியர் அக்கா ஒருவரின் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்தேன்.

அந்த அக்டோபரில்தான் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. கொரோனாவில் பள்ளி மூடி எழுத்தே மறந்துபோன பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர் வேண்டும், மாதம் 1000 ரூபாய் என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் பெயர் கொடுத்தது அந்த 1000 ரூபாய்க்காக. சமூகம், சேவை எதுவும் அப்போது மனதில் இல்லை. மாதிரித் தேர்வுத் தாள் வாங்கக் காசு வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நீ மொதல்ல டாக்டராவு. அப்பறம் ஊர ஒழுங்கு பண்ணலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் பட்டியலில் 20 பிள்ளைகள். 17 பேர் வந்தார்கள். வராத மூவரும் ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடிசைப் பிள்ளைகள். நாலு நாள் பார்த்துவிட்டுத் தேடிப் போனேன். எங்கள் காலனியிலிருந்து அரைக் கிலோமீட்டர் கூட இருக்காது. பதினெட்டு வயதுவரை நான் அங்கே கால் வைத்ததில்லை!

போனதும் ஒரு ஆயா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கினேன். குடிக்கத் தயங்கினேன். அரை நிமிடம் இருக்கும். ஊர்த்தெருவில் எனக்குத் தனிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதே நான், அந்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று எழுதியதை நான் பின்னால்தான் படித்தேன், ஆனால் அந்த அரை நிமிடத்தில் அது எனக்குள்ளேயே இருந்தது. குடித்துவிட்டேன். ஆயா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் காலனியில் சிலர் பிறகு "அங்கெல்லாம் தண்ணி குடிக்கிறியாமே" என்று கேட்டார்கள். நீலக்கொடி ஏற்றும் கையும் அதில் உண்டு. இதை எழுதினால் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

பிள்ளைகள் ஏன் வரவில்லை? எங்கள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார விடவில்லை. எனவே வாரத்தில் மூன்று நாள் வகுப்பை ஏரிக்கரைக்கு மாற்றினேன். நாலைந்து காலனிப் பிள்ளைகளின் வீடுகளில் சண்டை வந்தது. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் வந்தார்கள், பிள்ளைகளுக்கு ஏரி பிடித்துப்போனதுதான் காரணம், என் புரட்சி எதுவும் இல்லை.

அந்த ஆயாவுக்கு இருமல். வாரக்கணக்கில் விடவில்லை, மாலையானால் காய்ச்சல். எனக்குத் தெரிந்த உயிரியலுக்கே அது காசநோயாக இருக்கலாம் என்று தோன்றியது. சளிப் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு மாதிரித் தேர்வு வந்தது. தேர்வுக்குப் போனேன். "நீங்க போய்ட்டு வந்துடுங்க ஆயா" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போகவில்லை. அந்த ஆயாவுக்கு எழுத்து தெரியாது, எந்த வாசலில் நிற்பது என்று தெரியாது, முன்னொரு தடவை போனபோது யாரோ "தள்ளி நில்லு" என்றிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் கூட்டிப்போனேன். காசநோய்தான். அந்த மூன்று வாரமும் அதே குடிசையில் இரண்டு பேரப்பிள்ளைகள் அவரோடு படுத்துத் தூங்கினார்கள். அந்த மாதிரித் தேர்வில் எனக்கு எத்தனை மதிப்பெண் என்று இப்போது நினைவில்லை. அந்த மூன்று வாரம் நன்றாக நினைவிருக்கிறது.

ஆறு மாதம் மாத்திரை. கசப்பு, வாந்தி, "வேணாம் பாப்பா" என்ற அழுகை. சத்துணவுக்கு அப்போது மாதம் 500 ரூபாய் அரசு கொடுத்தது, ஆனால் வங்கிக் கணக்கில்தான். கணக்கு தொடங்க ஆதார் வேண்டும். ஆதாரில் பெயர் தப்பு. அதைத் திருத்த ஒரு நாள், வங்கிக்கு இரண்டு நாள். இதில் எந்த இடத்திலும் மருத்துவம் படித்தவர் தேவைப்படவில்லை. படிவம் நிரப்பத் தெரிந்த, பேருந்துக்குக் காசு வைத்திருக்கிற, சொன்ன நாளில் வருகிற ஒரு ஆள் போதும். தங்கையே, உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலில் பாதி இதுதான்.

மீதிப் பாதி, அங்கே போய்க் கற்றுக்கொள்வது. பாம்புக்கடி முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன் என்று படங்களோடு ஒருநாள் போனேன். சொன்னவை சரிதான்: கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது, மெட்டி கொலுசைக் கழற்றிவிட வேண்டும், கை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும், பாம்பை அடித்து எடுத்து வரத் தேவையில்லை. பிறகு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு படம் காட்டினேன். ஒரு தாத்தா இரண்டாவது படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இது கட்டுவிரியன் இல்ல பாப்பா, வெள்ளிக்கோல் வரையன். கடிச்சாலும் ஒண்ணுமில்ல." வரையனுக்குத் தலைப்பக்கம் பட்டை தெளிவாக இருந்து வாலுக்குப் போகப் போக மங்கும், கட்டுவிரியனுக்கு நேர்மாறு என்று விளக்கினார். இணையத்தில் தப்பான படத்தை எடுத்துப் போயிருக்கிறேன்!

நாடு முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடப்படும் நச்சுமுறி மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் யார்? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அப்படிப்பட்ட சமூகத்தின் பிள்ளை பழங்குடிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிறது. "பாம்பு பிடிக்கத் தெரியுமா" என்று கேட்டுச் சாதியை உறுதிசெய்கிற அதிகாரிகளைப் பற்றிக் கேள்விப்படாத இருளர் குடியிருப்பு இந்தப் பக்கம் இருக்காது.

திண்டிவனத்தில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது பேராசிரியர் பிரபா கல்விமணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். 1993இல் அத்தியூர் விஜயா என்ற இருளர் பெண் புதுச்சேரிப் போலீசார் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் சொன்னபோது அதைக் கையிலெடுத்தார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், தாய்த்தமிழ்ப் பள்ளி என்று அவர் வாழ்க்கை அந்த வழியிலேயே போனது. இயற்பியல் பாடத்திட்டத்தில் இதெல்லாம் எந்த அலகில் வருகிறது?

வேறு நாட்டிலும் பாருங்கள். 1970 ஜூனில் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லமில் யங் லார்ட்ஸ் என்ற புவெர்ட்டோ ரிக்க இளைஞர் அமைப்பு, காசநோய் எக்ஸ்-ரே எடுக்கும் மாநகராட்சி வண்டியைக் கைப்பற்றித் தங்கள் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியது. சேரிக்கு வராத வண்டியை வரவைத்தார்கள். கருஞ்சிறுத்தைகள் இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் இல்லை, நம் வயதுக்காரர்கள். இங்கே 1897இல் சாவித்திரிபாய் பூலே, பிளேக் பீடித்த பிள்ளையைத் தூக்கிச் சுமந்து, அதே நோயில் இறந்தார். அவர் ஆசிரியை.

இப்போது ஒரு எதிர்ப்பு வரும், அது நியாயமான எதிர்ப்பு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த தலித் பிள்ளையிடம் போய், படிக்கவும் செய், சேவையும் செய் என்று சொல்ல நீ யார்? ஊர்த்தெருப் பிள்ளையிடம் இதைக் கேட்கிறார்களா? கேட்பதில்லை. அதனால் கடமை என்று சொல்லமாட்டேன். முதுகு ஒடிய வேலை செய்துவிட்டுப் படிக்கிற பிள்ளை மாலையில் படுத்துத் தூங்கினால் அதுவே அரசியல்தான். நான் அந்த ஆண்டு போகாமல் இருந்திருந்தால் இன்னும் சில மதிப்பெண் கூட வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஏரிக்கரைக்குப் போன நாட்களில் இரவு தூக்கம் வந்தது என்பது மட்டும் தெரியும். நான்கு சுவருக்குள் நான் வெறும் எண்ணாக இருந்தேன். அங்கே 'அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

2022 ஜூலையில் மறுபடி எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. கல்லூரியில் எங்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, 'ஏழரை'. சனி பிடித்த கேலி. "ஏழரை வந்துடுச்சி" என்பார்கள், சிரிப்பார்கள். ஆனால் முதல் முறை வார்டுக்குப் போனபோது, படுக்கையில் இருந்த அம்மாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் சிரித்தவர்களில் பலர் நின்றார்கள். நான் கட்டிலோரம் குனிந்து "சாப்ட்டீங்களாம்மா" என்றேன். அவர் நோயைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இதை எந்தப் பயிற்சி மையமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போதெல்லாம் மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் 'தத்தெடுக்க' வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமே வைத்திருக்கிறது. தத்து என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது, அவர்கள் என்ன அநாதைகளா? எங்களை ஏற்றிப்போன பேருந்து ஊர்க் கோயில் முன்னால் நின்றது. ஊர்த்தெருவிலேயே குடும்பங்கள் கிடைத்துவிட்டன. காலனி எங்கே என்று கேட்டபோது, "வண்டி உள்ள போகாது" என்றார்கள். திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனதற்காக அடிவாங்கி, 2023இல் கோயிலுக்கே சீல் வைத்த மேல்பாதி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டது இதே விழுப்புரம் நகரத்தில்தான். இது தெரியாமல் இங்கே சமூக மருத்துவம் படிக்கலாம், தேர்ச்சியும் பெறலாம். நாங்கள் நாலு பேர் நடந்தே காலனிக்குப் போனோம். ஐந்து நிமிட நடை.

அதனால் தங்கையே, முகாமுக்குப் போய் இரத்த அழுத்தக் கருவியோடு படம் எடுத்துக்கொள்ளாதே. ஒரே இடம் போதும், உன் வீட்டுக்குப் பக்கத்தில் நீ இதுவரை போகாத தெருவாகப் பார்த்துக்கொள். வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும், ஆனால் சொன்ன கிழமையில் போ. என்ன செய்யட்டும் என்று அவர்களைக் கேள். முதலில் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிறகு ஒருநாள் ஏதோ ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, நான் அதைச் செய்யாமல் விட்டேன். தண்ணீர் கொடுத்தால் குடி.

ஆயா இருக்கிறார். மாத்திரை முடித்து எடை கூடிவிட்டது, ஏரியில் மறுபடி மீன் பிடிக்கிறார். அந்தக் குடிசையில் அவரோடு படுத்துத் தூங்கிய பேத்தி இப்போது பத்தாம் வகுப்பு, உயிரியல் பிடிக்கும் என்கிறாள். அவளுடைய பழங்குடிச் சான்றிதழ் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது முறை எழுதி வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை எனக்குக் கல்லூரி விடுமுறை, காலைப் பேருந்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.